தந்தியைத் தொடாமலே ஒரு சுரம்

ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி ஒரு கிட்டாரை ஆம்பில் செருகி, வால்யூமை முழுவதும் திருப்பிவிட்டு, தந்தி எதையும் தொடாமல் நில்லுங்கள். ஒரு சுரம் கேட்கும். நம் நாட்டில் அது ஏறக்குறைய ஜி. தடித்த ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் விரல் வைத்தால் பிறக்கிற ஜி 98 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஜி 49. நம் வீட்டுக்கு வரும் மின்சாரமோ நொடிக்கு 50 சுழற்சி. அதன் மடங்குகள் 100, 150 என்று மேலே போகும். ஆகவே சுருதி சேராத ஒரு ஜி, அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறினாற்போல, எந்தப் பாட்டு வாசித்தாலும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுழற்சி என்பதால் அங்கே இதே உறுமல் பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் இடையில் நிற்கிறது.

திருச்சி பாலக்கரையில் கிட்டாரும் ஆம்பும் கீபோர்டும் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. அப்பா ரேடியோ மெக்கானிக். அவர் சால்டர் வைத்த பெஞ்சில்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் ஆலயங்களில் வாசிக்கிற பிள்ளைகளும் மெல்லிசைக் குழுக்காரர்களும் அதிகம். "அண்ணே, ஹம் அடிக்குது" என்பதுதான் அவர்கள் கொண்டுவரும் புகார்களில் முதல். அதற்கு அடுத்த வாக்கியமும் எனக்கு மனப்பாடம்: "பிக்கப்ப மாத்திரலாமாண்ணே?" மாற்றலாம். ஆனால் என்ன ஹம், எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பிக்கப்பை மாற்றினால், காசு போகும், ஹம் போகாது. இதைத்தான் நான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

பிக்கப் என்பது என்ன? ஆறு காந்தத் தண்டுகள். அவற்றைச் சுற்றி ஏறக்குறைய 8,000 சுற்று செப்புக் கம்பி. கம்பியின் பருமன் 0.06 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அசையும் காந்தப்புலம் காயிலில் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்டுசொன்ன தூண்டல்தான் இது, வேறு மந்திரம் எதுவும் இல்லை. இப்படி ஒரே ஒரு காயில் உள்ள பிக்கப்புக்கு சிங்கிள் காயில் என்று பெயர். தந்தி அசைக்கும் புலத்துக்கும் சுவருக்குள் ஓடும் மின்கம்பி அசைக்கும் புலத்துக்கும் இந்தக் காயில் வித்தியாசம் பார்க்காது. எந்தக் காந்தப்புலம் அசைந்தாலும் பிடித்துக்கொடுக்கும். பிடிப்பதே அதன் வேலை. ஹம் அடிக்கிற சிங்கிள் காயில் கெட்டுப்போன பிக்கப் அல்ல. ஒழுங்காக வேலை செய்கிற பிக்கப். கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்லி அனுப்புவது இதைத்தான்.

லியோ ஃபெண்டரும் ரேடியோ ரிப்பேர்க்காரர்தான். 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ கடை வைத்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் கொண்டுவந்த டெலிகாஸ்டரும் 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் சிங்கிள் காயிலை உலகம் முழுக்கப் பரப்பின. அந்தத் தெளிவு, தந்தியைத் தட்டியதும் கண்ணாடி உடைவது போலத் தெறிக்கிற அந்த ஆரம்ப ஒலி, வேறெதிலும் எளிதில் வராது. ஹம் இருந்தும் எழுபது வருஷமாக ஆட்கள் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதுவே.

இப்போது ஹம்முக்கு வருவோம். நம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டாலும் உண்மையில் இரண்டு தொந்தரவுகள் இருக்கின்றன. ஒன்று, காந்தப்புலத்தால் வருவது. ஆம்பின் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், ஃபேன் மோட்டார், பழைய ட்யூப் லைட்டின் சோக், சுவருக்குள் ஓடும் வயர்கள் எல்லாம் இதைக் கிளப்பும். அடங்கிய, உருண்டையான உறுமல். மற்றொன்று மின்புலத்தால் வருவது. இது கூர்மையாக, தகரத்தில் ஈ சுற்றுகிற மாதிரி "ஸ்ஸ்ர்ர்" என்று இருக்கும். மேல் மடங்குகள் நிறைய. நம் உடம்பே ஒரு ஏரியலாக இதைச் சுமந்துகொண்டு கிட்டாருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க மீட்டர்கூட வேண்டாம். முதலில் கிட்டாரில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். உறுமல் அப்படியே இருந்தால் கிட்டாரைத் திட்டிப் பயனில்லை. ஆம்பில், கேபிளில், அல்லது லைனில் கோளாறு. அடங்கிவிட்டால், மறுபடி வால்யூமைத் திறந்து, நின்ற இடத்திலேயே கிட்டாரோடு மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் உறுமல் ஏறி, கால் வட்டம் திரும்பியதும் ஏறக்குறைய மறைந்தால், அது காந்தப்புலம். காயிலின் அச்சு புலத்துக்குக் குறுக்காகத் திரும்பும்போது அதனால் பிடிக்க முடிவதில்லை. ரெக்கார்டிங்கில் சிலர் நாற்காலியை நகர்த்தி நகர்த்தி ஒரு கோணம் பிடித்து உட்காருவது இதற்காகத்தான். அடுத்து, தந்திகளைக் கீழ்முனையில் தாங்கும் பிரிட்ஜிலோ தந்தியிலோ கை வையுங்கள். கூர்மையான அந்த "ஸ்ஸ்ர்ர்" சட்டென்று இறங்கினால் அது மின்புலம். தந்திகள் எர்த்தோடு சேர்ந்திருப்பதால் உங்கள் உடம்பும் எர்த்தோடு சேர்ந்து, ஏரியலாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது.

தந்தியைத் தொட்டும் மாற்றமில்லை, ஆனால் கேபிள் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் இறங்குகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் அறுந்திருக்கிறது. ஸ்ட்ராட் வகையில் பின்மூடியைக் கழற்றினால், ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டில் அந்த வயரைப் பற்றவைத்திருப்பார்கள். விலை குறைந்த கிட்டார்களில் இந்தப் பற்று அடிக்கடி விட்டுப்போகும். பெரிய தகடு, சின்ன சால்டரிங் அயர்ன், சூடு ஏறாமல் ஈயம் மேலோட்டமாக உருண்டு நிற்கும். ஐந்து நிமிஷ வேலை. "பிக்கப் மாத்திரலாமா" என்று வருகிற கிட்டார்களில் இந்த ஒரு வயரோடு திரும்பிப் போனவை நிறைய. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையைத் தந்தியிலும் மறு முனையை ஜாக்கின் வெளிப்பகுதியிலும் வையுங்கள். ஓரிரு ஓம்ஸுக்கு மேல் காட்டக் கூடாது.

தந்தியைத் தொடும்போது உறுமல் கூடினாலோ, விரலில் சுருக்கென்று கடித்தாலோ, மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் ஆம்பை அணைத்துவிடுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மின்புலத்துக்கு மருந்து கவசம். கிட்டாரின் உள்குடைவு முழுவதையும் உலோகத்தால் மூடி, அந்த உலோகத்தை எர்த்தோடு சேர்ப்பது. செப்பு டேப் ஒட்டலாம், மின்சாரம் கடத்தும் கிராஃபைட் பெயின்ட் பூசலாம். நான் செப்பு டேப்காரன். பிக்கப்புகளைத் தாங்கும் முகத்தகடான பிக்கார்டின் பதினோரு ஸ்குரூக்களையும் கழற்றி, பிக்கப்புகளோடு சேர்த்து அதை அப்படியே புரட்டி ஒரு துணி மேல் வைத்துக்கொள்வேன். குடைவில் மரத்தூளும் பழைய பாலிஷ் பிசிறும் இருக்கும். அதைத் துடைக்காமல் ஒட்டினால் ஆறு மாதத்தில் டேப் உரிந்து வரும். அடியில் அகலமான துண்டு, பிறகு சுவர்களுக்கு நீளமான பட்டைகள், ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி. மூலைகளைக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்ப்பேன். டேப்பின் பசை மின்சாரம் கடத்தும் என்று உறையில் போட்டிருந்தாலும் நான் நம்புவதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு ஈயம் வைத்துவிடுவேன். குங்கிலிய வாசனை எழும், செப்பு ஒரு கணம் நீலம் பூத்து அடங்கும். முடிந்ததும் மல்டிமீட்டரின் ஒரு முனையை ஒரு மூலையிலும் மறு முனையை எதிர் மூலையிலும் வைத்தால் "பீப்" என்று சத்தம் வர வேண்டும். எங்கே சத்தம் இல்லையோ அந்தத் துண்டு கவசமே அல்ல, வெறும் அலங்காரம்.

குடைவின் ஓரத்தில் ஒரு நாக்கு போல டேப்பை மேலே மடித்துவிட வேண்டும். பிக்கார்டின் அடியிலும் டேப் ஒட்டி மூடும்போது இரண்டும் அங்கே முட்டிக்கொள்ளும். பெட்டி மூடிவிட்டது என்று அர்த்தம். ஜாக் இருக்கும் குடைவில் மட்டும் கவனம். கேபிளைச் செருகும்போது ஜாக்கின் நுனித் தகடு வெளிப்பக்கம் விரியும். அது செப்பைத் தொட்டால் சத்தமே வராது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு. சமையலறை அலுமினியத் தாளும் கவசமாக வேலை செய்யும், ஆனால் அதில் சாதாரண ஈயம் ஒட்டாது, இணைப்பு நிலைக்காது.

இத்தனையும் செய்து கிட்டாரைக் கொண்டுபோகிற சிலர் மறுநாள் வந்து நிற்பார்கள். "அண்ணே, பாதிதான் போச்சு." ஆமாம், பாதிதான் போகும். கொசுவலை கொசுவைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைச் செப்பு குறிப்பிடத்தக்க அளவுக்குத் தடுக்க வேண்டுமானால் அது 9 மில்லிமீட்டருக்கும் மேல் தடித்திருக்க வேண்டும். நாம் ஒட்டுவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தாள். மின்புலத்தின் கூர்மையான இரைச்சல் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மரின் உருண்டை உறுமல் தாளைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். டேப் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் வாங்குகிறவர்களின் ஏமாற்றம் பாதியாகக் குறைந்திருக்கும்.

காந்தப்புலத்துக்கு முதல் மருந்து தூரம். டிரான்ஸ்ஃபார்மரின் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்ப விழும்: ஒரு மீட்டரில் இருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளி நின்றால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஆம்பின் மேல் சாய்ந்துகொண்டு வாசிக்கிற பிள்ளைகளை நான் முதலில் நான்கு அடி தள்ளி நிற்கச் சொல்வேன். செலவில்லாத வைத்தியம்.

இரண்டாவது மருந்து, இருபதாம் நூற்றாண்டின் அழகான யோசனைகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். செத் லவர் என்பவர் கிப்சன் கம்பெனியில் ஆம்ப் வடிவமைத்துக்கொண்டிருந்தார். ஆம்புக்குள் டிரான்ஸ்ஃபார்மர் கிளப்பும் ஹம்மை அடக்க, எதிரெதிராக இணைத்த காயிலை ஏற்கெனவே பயன்படுத்தியவர். அதே வழியைப் பிக்கப்புக்கும் கொண்டுவந்தார். இரண்டு காயில்கள். இரண்டாவதில் சுற்றின் திசையையும் மாற்று, காந்தத்தின் துருவத்தையும் மாற்று. தந்தியின் ஒலி இரண்டு முறை தலைகீழாகிப் பழைய நிலைக்கே வந்துவிடும். ஆகவே இரண்டு காயில்களின் ஒலியும் கூடும். வெளியிலிருந்து வருகிற ஹம்முக்குக் காந்தத் துருவத்தோடு சம்பந்தம் இல்லை. அது சுற்றின் திசையால் ஒரே ஒரு முறை தலைகீழாகிறது. ஆகவே ஒரு காயிலின் ஹம்மும் மறு காயிலின் ஹம்மும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1955 ஜூன் 22-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957-ல் கிட்டார்களில் வந்துவிட்டது, காப்புரிமை கைக்கு வந்தது 1959-ல். அதற்குப் பெயரே ஹம்பக்கர், ஹம்மை எதிர்த்து நிற்பது. அதே காலத்தில் ரே பட்ஸ் என்பவரும் கிரெட்ச் கிட்டார்களுக்காகத் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்.

ஹம்பக்கர் வந்த பிறகு சிங்கிள் காயில் ஏன் சாகவில்லை? இரண்டு காயில்களைத் தொடராக இணைத்தால் மேல் சுரங்கள் மங்குகின்றன. தந்தியின் ஒரு புள்ளிக்குப் பதில் அகலமான ஒரு பகுதியைக் கேட்பதாலும் உச்ச ஒலிகள் சில தமக்குள்ளேயே அழிந்துபோகின்றன. ஒலி தடிப்பாக, வெதுவெதுப்பாக மாறும். ராக் இசைக்கு அது வரம். ஸ்ட்ராட் ஒலி வேண்டுகிறவனுக்கு அது வேறு ஒரு கிட்டார்.

ஆனால் செத் லவரின் யோசனையை ஒரே பிக்கப்புக்குள் அடைக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஃபெண்டர் கம்பெனியில் 1957-லேயே பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, தடித்த இரண்டு தந்திகளுக்கு ஒரு காயில், மெல்லிய இரண்டுக்கு எதிர்க் காயில் என்று வைத்தார்கள். 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு தனித்தனிப் பிக்கப்புகள். இரண்டையும் ஒரே அளவு திறந்தால் ஹம் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் திரும்பி வரும். ஸ்ட்ராட்டில் மூன்று பிக்கப். நடு பிக்கப்பை மட்டும் எதிர்ச்சுற்று, எதிர்த்துருவமாகச் செய்துவிட்டால், ஐந்து நிலை சுவிட்சில் இரண்டாவது, நான்காவது நிலைகள் ஹம் இல்லாமல் ஆகிவிடும். அசல் 1954 ஸ்ட்ராட்டில் இது கிடையாது. இன்றைக்கு விற்கும் பெரும்பாலான ஸ்ட்ராட்களில் உண்டு.

உங்களுடையதில் உண்டா என்று பார்க்க ஒரு பள்ளிக்கூடக் காம்பஸ் போதும். ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் காட்டுங்கள். நடு பிக்கப்பில் மட்டும் முள் எதிர்ப்பக்கம் திரும்பினால் உண்டு. மூன்றிலும் ஒரே பக்கம் நின்றால் இல்லை.

இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம், முக்கியமாக விலை குறைந்த கிட்டார் வைத்திருப்பவர்கள். விலை உயர்ந்த பிக்கப்பில் தண்டுகளே காந்தங்கள், அவற்றின் மேலேயே கம்பி சுற்றப்பட்டிருக்கும். அவற்றைத் தள்ளி எடுக்க முயன்றால் உள்ளே கம்பி அறுந்து பிக்கப்பே போய்விடும். விலை குறைந்தவற்றில் தண்டுகள் வெறும் எஃகு. அடியில் ஒரு கறுப்பு செராமிக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். ஒரு ஆலயப் பாடகர் குழுத் தம்பி அப்படி ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தான். நடு பிக்கப்பைக் கழற்றி, மெல்லிய பிளேடை ஓரத்தில் கொடுத்து, காயிலின் பக்கம் போகாமல், பட்டையை நெம்பி எடுத்தேன். புரட்டிப் போட்டு ஒட்டினேன். துருவம் மாறியாயிற்று. பிறகு பிக்கப்பிலிருந்து வரும் இரண்டு வயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்தேன். சுற்றின் திசையும் மாறியாயிற்று. கம்பியை அவிழ்த்துச் சுற்ற வேண்டியதில்லை, முனைகளை மாற்றினால் அதே பலன். செலவு, கொஞ்சம் ஈயமும் கொஞ்சம் பசையும். சுவிட்சை நான்காவது நிலைக்குத் தள்ளியதும் அந்தத் தம்பி குனிந்து ஆம்பின் சிவப்பு விளக்கைப் பார்த்தான். "ஆன்லதான்ணே இருக்கு?" என்றான்.

ஒரே ஒரு பிக்கப்பில் வாசிக்கும்போதும் ஹம் கூடாது என்கிறவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. காந்தம் இல்லாத ஒரு போலிக் காயிலைக் கிட்டாருக்குள் ஒளித்து, ஹம்மை மட்டும் பிடித்து எதிராகக் கொடுக்கச் செய்யலாம். சிங்கிள் காயில் அளவிலேயே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காயில்களை அடுக்கிய ஓசையில்லாப் பிக்கப்புகள் வருகின்றன; டிமார்சியோ, ஆஸ்திரேலியாவின் கின்மன், ஃபெண்டரே கூட விற்கிறார்கள். ஈஎம்ஜி போன்றவை 9 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. எல்லாமே ஹம்மை அடக்கும். ஒலியில் எதையோ கொஞ்சம் எடுத்துக்கொண்டு அடக்கும். நல்லவற்றில் அந்த இழப்பு மிகக் குறைவு. குழுவோடு வாசிக்கும்போது தெரியாது. சதா டிஸ்டார்ஷனில் வாசிக்கிறவர்களுக்கு இதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன், ஏனென்றால் டிஸ்டார்ஷன் பெடல் சின்ன ஒலியையெல்லாம் பெரிதாக்கும், ஹம்மையும் சேர்த்து. மற்றவர்களுக்கு இது கடைசிப் படி.

நாய்ஸ் கேட் பெடலைப் பற்றி இரண்டு வார்த்தை. வாசிக்காதபோது வாசலை அடைத்துவிடும், வாசிக்கும்போது திறக்கும். திறந்த வாசலில் ஹம்மும் உள்ளே வரும். அது ஹம்மைப் போக்குவதில்லை, இடைவெளியில் மறைக்கிறது. நிறுத்தி நிறுத்தி அடிக்கிற ராக் இசைக்குச் சரி. யு. ஸ்ரீனிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்ததிலிருந்து நம்மிடம் மின் தந்தி வாத்தியத்தில் ராகம் வாசிக்கிறவர்கள் ஒரு பரம்பரையாகவே இருக்கிறார்கள். ஒரு சுரம் கரைந்து கரைந்து அடுத்த சுரத்துக்குள் இறங்குகிற அந்தக் கடைசி இழையை இந்தப் பெடல் கத்தரித்துவிடும். அவர்களுக்கு இதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

இனி கிட்டாரை விட்டு அறையைப் பார்ப்போம். பாதி வழக்குகளின் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். மின் அலையை வெட்டி வேகத்தைக் குறைக்கும் பழைய எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் மகா இரைச்சல்காரன். படிப்படியாக நிற்கிற கண்டென்சர் வகை ரெகுலேட்டர் அமைதி. மேடை விளக்கு டிம்மர்களும் அதே வெட்டுகிற ஜாதிதான். விளக்கைப் பாதியில் நிறுத்தும்போது இரைச்சல் உச்சத்தில் இருக்கும். கரன்ட் போனதும் இன்வெர்ட்டர் வந்து, கிட்டார் திடீரென்று அலறினால், அது சதுர அலை இன்வெர்ட்டர். சதுர அலையில் 50-ஓடு 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் எல்லாம் அணிவகுத்து வரும். பிக்கப் நன்றாகப் பிடிப்பதும் காது கூர்மையாகக் கேட்பதும் அவற்றைத்தான். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தக் கூச்சல் இல்லை.

இன்றைக்குப் பிள்ளைகள் பலருக்கு ஆம்பே கிடையாது. லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன். சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் நின்றுவிடுகிறதா? அப்படியானால் சார்ஜர்தான். எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜர்களில் ஒரு சின்னக் கசிவு மின்சாரம் லேப்டாப் வழியாக இன்டர்ஃபேஸுக்கும் கிட்டார் தந்திக்கும் வந்து சேரும். ரெக்கார்டு செய்கிற நேரம் பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது உங்கள் சார்ஜருக்கு மூன்று பின் கேபிள் கிடைத்தால் அதைப் போடுங்கள்.

இரண்டு ஆம்ப், அல்லது ஆம்பும் மிக்ஸரும் சேர்த்து இணைத்தபோது மட்டும் வருகிற ஹம், பிக்கப்பின் வேலை அல்ல. எர்த்துக்கு இரண்டு பாதை கிடைத்து, இடையில் ஒரு வளையம் உருவாகி, அதில் மின்சாரம் சுற்றுகிறது. இதற்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற சுவிட்ச் உண்டு. அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. முறையான வழி அது.

முறையில்லாத வழியைத்தான் நம் மேடைகளில் நான் அதிகம் பார்க்கிறேன். ஆம்ப் பிளக்கின் மேலே இருக்கும் தடித்த நீளமான பின்னை வெட்டிவிடுகிறார்கள், அல்லது இரண்டு பின் அடாப்டரில் செருகிவிடுகிறார்கள். "ஹம் போயிடுச்சுண்ணே, பாத்தீங்களா" என்கிறார்கள். வளையம் அறுந்ததால் ஹம் போனது உண்மை. அந்த ஆம்புக்குள் நாளைக்கு ஒரு இன்சுலேஷன் விட்டால், 230 வோல்ட் கூட்டுக்கு வரும், கூட்டிலிருந்து கேபிளின் வலைக்கு வரும், வலையிலிருந்து பிரிட்ஜுக்கும் தந்திக்கும் வரும். தந்தியில் இருப்பது வாசிக்கிறவனின் கை. அவன் உதடு எர்த் உள்ள மைக்கைத் தொட்டால் பாதை பூர்த்தியாகிவிடும். பழுது மைக் பக்கம் இருந்தாலும் முடிவு அதேதான். ஸ்டோன் த குரோஸ் என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சி நகரில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு, கூட்டத்தின் முன்னால் மேடையிலேயே இறந்தார். தந்தியை எர்த்தோடு சேர்த்திருப்பது இரைச்சலைக் குறைக்கிறது. மற்ற எல்லா எர்த்தும் சரியாக இருந்தால்தான் அது பாதுகாப்பு.

திருவிழா மேடைகளை நினைத்தால் எனக்கு இன்னும் பயம். திறந்தவெளி, நனைந்த தரை, ஜெனரேட்டர், சீரியல் செட் விளக்குகள், எல்லாம் ஒரே பலகையில். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி தரையில் அடித்திருக்கிறதா என்று கேட்டால் "அதெல்லாம் இருக்கும் சார்" என்பார்கள். மெல்லிசைக் குழுத் தலைவர்களே, "இருக்கும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். போய்க் கண்ணால் பாருங்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழுந்து மின்சாரத்தை அறுக்கும் ஆர்சிசிபி ஒன்றை உங்கள் சொந்தப் பலகையிலேயே மாட்டி, ஊர் ஊராகக் கூடவே கொண்டுபோங்கள். மேடையில் நிற்கிற எல்லோருக்கும் சேர்த்து நீங்கள் செய்கிற உதவி அது.

வீட்டிலும் சுவரில் மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். பழைய வீடுகளில் அந்த மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. இருந்தாலும் எர்த் குழி காய்ந்து கிடக்கலாம்; உப்பும் கரியும் போட்ட குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே பலருக்கு மறந்துபோய்விட்டது. உரிமம் பெற்ற ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து, நீங்கள் வாசிக்கிற அறையின் பிளக் பாயின்டில் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பின் வெட்டிய பிளக் வீட்டில் ஏதாவது இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பிக்கப் வாங்குவதைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.